15,400 கிலோவாட்டில் 4,000 மட்டும் ஏன் மிஞ்சியது?

கேஸ் டர்பைனை விளக்குவது சுலபம். முன்னால் கம்ப்ரஸர் காற்றை அழுத்துகிறது, நடுவில் எரிபொருள் எரிகிறது, பின்னால் சூடான காற்று டர்பைனைச் சுழற்றுகிறது. கம்ப்ரஸரை ஓட்டுவதும் அதே டர்பைன்தான். சிக்கலே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

1939-ல் சுவிட்சர்லாந்தின் நுஷாடெல் நகருக்காக பிரவுன் போவெரி நிறுவனம் ஒரு கேஸ் டர்பைன் செய்தது. ஊருக்கு மின்சாரம் தர வந்த முதல் கேஸ் டர்பைன் அது. சோதனையை மேற்பார்வையிட்டவர் 80 வயதான ஆரெல் ஸ்டொடோலா. டர்பைன் தந்தது 15,400 கிலோவாட். அதில் 11,400 கிலோவாட்டை கம்ப்ரஸரே எடுத்துக்கொண்டது. மிச்சம் 4,000.

அந்த கம்ப்ரஸர் மோசமானது இல்லை. அதன் திறன் 86.6 சதவீதம். அதாவது இழப்பே இல்லாத ஒரு கம்ப்ரஸர் இருந்தால் அதே வேலையை சுமார் 9,870 கிலோவாட்டில் முடித்திருக்கும். மீதி 1,530 காற்றைத் தேவையில்லாமல் சூடாக்கியதில் போனது.

இந்த எண்களை வைத்து ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டுப் பார்த்தேன். மற்றதெல்லாம் அப்படியே இருக்க, கம்ப்ரஸர் திறனை மட்டும் குறைத்தால்:

86.6 சதவீதம் – மிச்சம் 4,000 கிலோவாட்
85.6 சதவீதம் – சுமார் 3,870
80 சதவீதம் – சுமார் 3,060
64 சதவீதம் – பூஜ்யம்

ஒரே ஒரு சதவீதப் புள்ளி குறைந்தால் விற்கக்கூடிய மின்சாரத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போயிடும். 64-க்கு வந்தால் இயந்திரம் தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளும், அவ்வளவுதான். கம்ப்ரஸரின் இழப்பு பெரிய தொகையில் கழிவதில்லை, கடைசியில் கையில் மிஞ்சும் சின்னத் தொகையில் கழிகிறது.

இப்போ சார்லஸ் பார்சன்ஸை நினைத்துப் பாருங்கள். தன் டர்பைனையே திருப்பி ஓட்டினால் கம்ப்ரஸர் ஆகும் என்று 1884-லேயே எழுதியவர். 1900-களின் தொடக்கத்தில் ஆக்சியல் கம்ப்ரஸர்கள், அதாவது காற்று தண்டின் திசையிலேயே ஓடும் வகை, செய்தும் விற்றார். திறன் 60 சதவீதத்தை ஒட்டியே நின்றது. கடைசியில் அதைக் கைவிட்டார்.

காரணத்தை 1926-ல் சொன்னவர் ஃபார்ன்பரோவில் இருந்த ஏ. ஏ. கிரிஃபித். பழைய கம்ப்ரஸர்களின் பிளேடுகள் ஸ்டால் ஆன நிலையிலேயே ஓடிக்கொண்டிருந்தன என்றார். பிளேடை வெறும் காற்றுத் தடமாகப் பார்க்காமல், விமான இறக்கையாகப் பாவித்து வடிவமைக்கணும் என்பது அவர் வாதம்.

டர்பைனில் இந்தத் தொல்லை ஏன் குறைவு? அங்கே காற்று அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்குப் போகிறது, பள்ளத்தில் இறங்குகிற மாதிரி. கம்ப்ரஸரில் அது மேடு ஏறணும். பிளேடை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலம் உராய்வால் ஏற்கெனவே வேகம் இழந்திருக்கும். மேடு ரொம்பச் செங்குத்தாக இருந்தால் அது நின்று, திரும்பி, பிளேடை விட்டுப் பிரிந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு வரிசை பிளேடும் கொஞ்சமாகவே அழுத்தத்தைக் கூட்டுகிறது. கம்ப்ரஸரில் அத்தனை வரிசைகள் இருப்பதும் அதனால்தான்.

ஆக, காற்று எங்கெல்லாம் சக்தியை இழக்கிறது? வழக்கமாக மூன்றாகப் பிரிப்பார்கள்.

1. பிளேடின் மேற்பரப்பில் உராய்வு, அதன் பின்னால் இழுபடும் சுழல்.
2. பிளேடின் அடியிலும் நுனியிலும் உள்ள சுவர்களை ஒட்டி நடக்கும் குழப்பமான ஓட்டம்.
3. சுழலும் பிளேடின் நுனிக்கும் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் கசிவது.

கேம்பிரிட்ஜின் ஜான் டென்டன் 1993-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின்படி, பல இயந்திரங்களில் இந்த மூன்றும் ஏறக்குறைய சம அளவு. மூன்றும் தனித்தனி கணக்கும் இல்லை, ஒன்றின் குழப்பம் இன்னொன்றில் போய்க் கலக்கும் என்றும் அவர் எச்சரிக்கிறார்.

மூன்றாவதை மட்டும் பாருங்கள். நுனி இடைவெளி பிளேடு உயரத்தில் 1 சதவீதம் கூடினால் திறன் ஒன்றிலிருந்து இரண்டு புள்ளி வரை குறையும் என்பது தோராய விதி. 50 மில்லிமீட்டர் பிளேடுக்கு அது அரை மில்லிமீட்டர்! பின்வரிசை பிளேடுகள் குட்டையாக இருப்பதால் அங்கே அடி இன்னும் பலம்.

அழுக்கும் அப்படித்தான். தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து பிளேடு சொரசொரப்பானால் முதல் வகை இழப்பு கூடும். மின் நிலையங்களில் கம்ப்ரஸரை அவ்வப்போது தண்ணீர் விட்டுக் கழுவுவது வெறும் சுத்தத்துக்காக இல்லை. மேலே இருக்கும் பட்டியலில் இரண்டாவது வரியிலிருந்து முதல் வரிக்கு ஏறத்தான்.