அறுந்த கம்பி அடங்கிவிட்டதா?

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அத்தகைய இரவுகள் விடியும்போது, தெருவில் கிடக்கும் கம்பியைக் கண்டு, ‘ஊரிலேயே கரண்ட் இல்லையே, இது என்ன செய்யும்?’ என்று தாண்டிப் போகிறவர்கள் உண்டு. உயிரைக் குடிக்கும் நினைப்பு அது.

மின்கம்பியில் மரக்கிளை உரசினாலோ, கடல் உப்பு படிந்த இன்சுலேட்டரில் பனி இறங்கினாலோ தீப்பொறி பாயும். பொறி பாயும் தடத்தில் காற்று பல ஆயிரம் டிகிரிக்குச் சூடேறி, தானே கம்பியாகிவிடுகிறது. பிரேக்கர் ‘ட்ரிப்’ ஆனதும் காற்றிலுள்ள மின்துகள்கள் சீக்கிரம் மறையும். சூடு ஆறிப் பழைய அடர்த்தி திரும்பத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். ஆய்வுக்கூடங்களில் வாயு நிரப்பிய தீப்பொறி ஸ்விட்சுகளை அடுத்தடுத்து இயக்கும்போதும் இதற்காகவே மில்லி வினாடிக் கணக்கில் இடைவெளி விடுகிறார்கள்.

காற்று இப்படி விரைவில் தேறிவிடும் என்பதால்தான் உயரழுத்தத் தடங்களில் ஒரு வினாடி அளவிலேயே பிரேக்கர் தானாக மறுபடி இணையும்படி அமைக்கிறார்கள். ஊருக்குள் வரும் ஃபீடரையும் துணை மின் நிலையத்தில் மீண்டும் போட்டுப் பார்ப்பது உண்டு. போன கரண்ட் எந்த நொடியும் திரும்பலாம்.

கடற்கரை மணல் இன்னும் ஆபத்தானது. காய்ந்த மணல் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதில் விழுந்த கம்பியிலிருந்து தரைக்குப் பாய்வது சொற்பம் என்பதால் பிரேக்கரை இயக்கும் ரிலே அதை உணராமலே போகலாம். பிரேக்கர் விழாது. பொறியோ சத்தமோ இல்லாமல் கம்பி உயிரோடு கிடக்கும். வெறுங்காலோடு வலை உலர்த்த வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

பத்து மீட்டருக்கு அப்பால் நில்லுங்கள். குச்சியால்கூடத் தள்ள வேண்டாம். மின்சாரப் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்கு, உடனே சொல்லுங்கள்.

மனிதரோ மாடோ மின்சாரம் தாக்கி இறந்தால் மின் ஆய்வாளருக்குத் தகவல் தரப்பட வேண்டும் என்கிறது 2003 மின்சாரச் சட்டத்தின் 161-வது பிரிவு. இழப்பீட்டுக்கு வலுவான துணை 2002-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்தில் வேலை முடிந்து இரவில் சைக்கிளில் திரும்பியவர், மழைநீரில் கிடந்த கம்பி மீது ஏறி இறந்தார். யாரோ மின்சாரம் திருடியதால் அறுந்த கம்பி அது என்றது அந்த மாநில மின்வாரியம். நீதிமன்றம் ஏற்கவில்லை: ஆபத்தான பொருளை ஊருக்குள் கொண்டுவருபவரே பொறுப்பு, வாரியத்தின் கவனக்குறைவைக் குடும்பம் நிரூபிக்க வேண்டியதில்லை.

எனவே முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, மின் ஆய்வாளர் அறிக்கை ஆகியவற்றின் நகல்களைக் குடும்பத்தார் கேட்டு வாங்க வேண்டும். கம்பி கிடந்த இடத்தை, அதை அகற்றுவதற்கு முன்பே, தள்ளி நின்று படம் எடுத்து வைக்க வேண்டும்.