நிலம் அதிரும் முன்பே கட்டிய மையம்

பேரிடர் நேர்ந்ததும் உலகம் கைகொடுக்க ஓடிவருகிறது. பொருளுக்குப் பெரும்பாலும் பஞ்சமில்லை. அதை இறக்க இடமும், கொண்டுபோக வழியும் இல்லாமல்தான் உதவி தடைப்படுகிறது. 2010 ஜனவரியில் ஹைதியை நிலநடுக்கம் உலுக்கியபோது தலைநகரின் துறைமுகம் நொறுங்கியது. ஒற்றை ஓடுபாதை கொண்ட விமான நிலையம் திணறியதால் நிவாரண விமானங்கள் சில இறங்க முடியாமல் திரும்பின. நேபாளத்துக்கும் இதே கதி நேரலாம் என்ற அச்சம் இருந்தது. கடற்கரை இல்லாத நாடு. அன்றைக்குப் பன்னாட்டு விமான நிலையம் காத்மாண்டுவில் ஒன்றே, அதற்கும் ஒரே ஓடுபாதை. ஆகவே உலக உணவுத் திட்டம் பிரிட்டனின் நிதியுதவியோடு, நிவாரணப் பொருள்களை இறக்கி, பிரித்து, உடனுக்குடன் அனுப்பும் மையம் ஒன்றை அந்த விமான நிலையத்திலேயே அமைத்தது. அது திறக்கப்பட்டது 2015 மார்ச்சில். ஏப்ரல் 25 அன்று 7.8 அளவிலான நிலநடுக்கம் ஏறத்தாழ 9,000 பேரைப் பலிகொண்டது. வந்திறங்கிய பொருளைக் கையாள அந்த மையம் தயாராக இருந்தது.

அது மட்டும் போதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஓடுபாதை சேதமடைந்ததால் மே 3 முதல் பெரிய விமானங்கள் தடுக்கப்பட்டன. தார்ப்பாய்க்கும் கூடாரத்துக்கும் வரிவிலக்கு கிடைத்தாலும், மற்ற பொருள்கள் சுங்கச் சோதனைக்காகத் தேங்கின. கோர்க்கா, சிந்துபால்சௌக் மலைக் கிராமங்களின் பாதைகளை நிலச்சரிவு மூடிவிட்டது. கடைசியில் அங்கே அரிசியைக் கொண்டு சேர்த்தவர்கள் மலையேற்றக் குழுக்களின் சுமைதூக்கிகள். கூடவே கோவேறு கழுதைகள். அவர்களைத் திரட்டும் ஏற்பாடும் சுங்கத் தளர்வும் முன்பே எழுத்தில் இருந்திருந்தால் எவ்வளவோ நாள் மிச்சமாகியிருக்கும். திட்டமிடல் என்பது கிடங்கில் தொடங்கலாம். ஒற்றையடிப் பாதைவரை போயாக வேண்டும்.

வராத பேரிடருக்காகப் பணத்தை முடக்குவதா என்று கேட்பவர்கள் உண்டு. ஏழை நாட்டில் அது நியாயமான கேள்விதான். ஆனால் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கத் தேவையில்லை. தார்ப்பாய், பாத்திரம் போல எளிதில் கெடாதவற்றைச் சேமித்தால் போதும். உணவுக்கு, இன்ன விலையில் இத்தனை நாளில் தருவதாக வணிகர்களோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். கிடங்கே இடிந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி இன்னும் வலுவானது. அதற்கு விடை, கிடங்கே வேண்டாம் என்பதல்ல. ஒரே இடத்தில் குவிக்காமல் பல ஊர்களில் பிரித்து வைப்பதுதான். நேபாளமும் பிறகு காத்மாண்டுக்கு வெளியே இத்தகைய மையங்களை அமைத்தது. பேரிடர் எங்கே, எப்போது தாக்கும் என்று தெரியாததே பிரித்து வைப்பதற்குக் காரணம்.

முன்னேற்பாடு இல்லாத பரிவு என்ன செய்யும் என்பதை 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கண்டது. யாருக்கும் உதவாத பழந்துணிகள் தெருவோரங்களில் குவிந்தன. இந்தியாவில் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு திட்டம் இருந்தாக வேண்டும். உங்கள் மாவட்டத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கிடங்கு எங்கே, பாலம் உடைந்தால் மாற்று வழி எது, படகும் லாரியும் யார் தருவார்கள் என்பதற்கு அதில் விடை இல்லையென்றால், மழைக்காலத்துக்கு முன்பே ஆட்சியருக்கு எழுதுங்கள்.