சேதுபதியின் சுவரும் லூயியின் விதானமும்

ராமேசுவரம் போகிற அவசரத்தில் எங்கள் ராமநாதபுரம் அரண்மனையை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அதில் தீராத வருத்தம். உள்ளே ராமலிங்க விலாசத்தில் சுவர், தூண், விதானம் எங்கும் ஓவியம்தான். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மன்னர் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டியவை. ராஜராஜேசுவரி அம்மனே அரசருக்குச் செங்கோல் தருகிறாள். மதுரை விஜயரங்க சொக்கநாத நாயக்கர் அவருக்கு ரத்தினாபிஷேகம் செய்கிறார். ஒரு பக்கம் தஞ்சை மராத்தியரோடு போர். இன்னொரு பக்கம் அரசரைக் காண வந்த ஐரோப்பியர்கள்.

ஏறக்குறைய அதே தலைமுறையில் பிரான்சின் மன்னர் 14-ஆம் லூயியும் தன் பெருமையை இப்படித்தான் ஓவியமாக்கினார். வெர்சாய் அரண்மனையில் 357 கண்ணாடிகள் பதித்த மண்டபம் 1684-இல் முடிந்தது. அதன் விதானத்தில் சார்ல் லெ ப்ரன், லூயியைப் பழங்கால ரோமானிய வீரனாக்கி, கிரேக்க, ரோமானியத் தெய்வங்களைச் சுற்றி நிறுத்தினார். டச்சுக்காரர்களை வென்ற கதைதான் அங்கே பெரிது. நம் சேதுபதியோ வேட்டை, நீராட்டு, பாட்டுக் கச்சேரி என்று அந்தப்புரத்தையும் வரையச் சொல்லியிருக்கிறார். என் ஓட்டு சேதுபதிக்கே!

அடுத்த முறை ராமேசுவரம் போகும்போது இங்கே ஒரு மணி நேரம் இறங்குங்கள். சுவரை மட்டும் கையால் தொட்டுவிடாதீர்கள்.