விளிம்பில் எழுதிய வாக்கு

சில நாள்களுக்கு முன் என் மாணவன் ஒருவன், தன் பாட்டனாரின் பெட்டியிற் கிடந்த பழைய செப்புக் காசொன்றைக் கொணர்ந்து, "இஃது எந்தக் காலத்தது, ஐயா?" என வினாவினான். வாங்கிப் பார்த்தேன். பொன்போல மின்னிற்று, ஆனால் ஓர் எழுத்தேனும் தெரியவில்லை. "களிம்பேறிக் கிடந்தது; புளி போட்டு மினுக்கினேன்" என்றான். அவன் அழித்தது எத்தகைய செல்வம் என்பதை உணர்த்த, ஆங்கில நாட்டுக் காசொன்றின் கதையைக் கூறினேன்.

நிலவுடைமையாளரின் இசைவுடன், உலோகங் கண்டறியும் கருவியைக் கையிற்கொண்டு உழுத வயல்களைத் துருவுவோர் அந்நாட்டிற் பலர். அவர்களுக்கு அகப்படுவனவற்றுள் அரசன் தலை பொறியாத செப்புக் காசுகளும் உள. அவற்றுள் ஒருவகையில், ஒரு புறம் வளைந்த பாலமும், 'கோல்புறூக்டேல் இரும்புப் பாலம், 1792', 'எழுப்பியது 1779, இடைவீச்சு 100 அடி' என்னும் சொற்களும் காணப்படும். மறுபுறம் 'கெற்லிச் சாய்தளம், 1789' என்றிருக்கும். ஒரு காசில் மூன்று ஆண்டுகள்! எதனை அதன் வயதாகக் கொள்வது?

செவேர்ண் ஆற்றின்மேல், மூன்றாம் ஏபிரகாம் டார்பி என்பார் வார்ப்பிரும்பால் எழுப்பிய அப்பாலம் இன்றும் நிற்கின்றது. சாய்தளமோ, கால்வாய்ப் படகுகளை மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஏற்றியிறக்க அமைந்தது. சுமையோடு இறங்கும் படகின் பாரமே மற்றொன்றை மேலே இழுக்கும். இவ்விரண்டையும் நினைவுகூரவே அவற்றின் ஆண்டுகள் பொறிக்கப்பட்டன. பாலத்தின் ஆண்டு தனியே கூறப்பட்டமையால், எஞ்சிய 1792 காசு அடித்த ஆண்டென்பது புலனாகும்.

அங்ஙனமாயின் இது வெறும் நினைவுப் பதக்கமோ? இதற்கு விடை முகத்தில் இல்லை, விளிம்பிலே உள்ளது. 'கோல்புறூக்டேலிலும் கெற்லியிலும் பணம் கொடுக்கப்படும்' என அங்கே எழுதப்பட்டிருக்கும். எனவே இஃது அரைப் பென்னிக்கு ஈடாக வழங்கிய காசு.

அரச நாணயசாலை 1775ஆம் ஆண்டிற் செப்புக் காசு அடிப்பதை நிறுத்திற்று. கள்ளக் காசுகள் மலிந்தன. தொழிலாளருக்குக் கூலி கொடுக்கச் சில்லறை இல்லை. 1787இல் ஆங்கில்சித் தீவின் பாரிஸ் செப்புச் சுரங்கக் கொம்பனியார் தாமே பென்னிகளை அடித்து வழங்கினர், பிறரும் பின்பற்றினர். 1797இல் அரசாங்கம் புதிய செப்புப் பென்னிகளை வெளியிட்டது. 1817இல் தனியார் காசுகள் சட்டத்தால் தடுக்கப்பட்டன. அதுவரை, பகலெல்லாம் உலைக்களத்தில் உழைத்தவனுக்கு அக்காசின் மதிப்பு கொம்பனியின் வாக்கொன்றே. அந்த வாக்குத்தான் விளிம்பில் இருந்தது.

ஆகவே, பழங்காசு கிடைத்தால் தேய்க்கற்க. மண்ணை மெல்ல அகற்றுக. பக்கத்திலிருந்து ஒளி விழச்செய்து, தெரியும் எழுத்துகளைக் குறைவாயினும் அவ்வாறே படியெடுத்துக்கொள்க. விளிம்பைச் சுற்றிப் பார்க்க. எடையையும் விட்டத்தையும் குறிக்க. பின்னரே பட்டியல் நூல்களுடன் ஒப்பிடுக. கிடைத்த இடத்தையும் எழுதி வைக்க. பிறந்த ஊரினின்றும் நெடுந்தொலைவிற் கிடைத்த காசு, அதன் வாக்கை எத்துணைத் தூரம் மக்கள் நம்பினர் என்பதற்குச் சான்றாகலாம்.

நம் நாட்டிலே அனுமதிப் பத்திரமின்றித் தொல்பொருள் தேடி நிலத்தை அகழ்தல் குற்றமாகும். ஆயினும் வயலைத் துருவவேண்டிய தேவை நமக்கில்லை. வீட்டுப் பழம்பெட்டிகளே போதும். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய கோப்பித் தோட்டக் காலத்தில் இலங்கையிலும் கொம்பனிகள் இத்தகைய காசுகளை வழங்கியதுண்டு. என் மாணவன் கொணர்ந்தது அவற்றுள் ஒன்றாயிருக்கலாம், அன்றாகவும் இருக்கலாம். இனி அதனை அறிவார் யார்? புளி தின்றது களிம்பை மட்டுமன்று.