பாதி டயர், பாதி பெல்ட்! ராணுவங்கள் கைவிட்ட அதிசய வண்டி

வேப்பம்பட்டு, திருவள்ளூர் பக்கத்து வயல்களில் நெல் அறுக்க இரண்டு வகை இயந்திரங்கள் உண்டு. ஒன்று டயர் வண்டி. மற்றொன்று பெல்ட் வண்டி.

தரை காய்ந்திருந்தால் டயர் வண்டி போதும். மழை பெய்து வயல் சேறாகிவிட்டால் டயர் புதைந்துவிடும். அப்போது பெல்ட் வண்டியைத்தான் கூப்பிட வேண்டும். வாடகை கூடுதல்தான். ஆனால் வேறு வழி இல்லை.

பெல்ட் ஏன் புதைவதில்லை? டயர் தரையைத் தொடும் இடம் சிறியது. பாரம் முழுவதும் அந்தச் சிறு இடத்தில் இறங்குகிறது. பெல்ட்டோ நீளமாகத் தரையில் படிகிறது. பாரம் பரவிவிடுகிறது. சேற்றில் பலகை போட்டு நடப்பது போலத்தான்!

சரி, முன்னால் டயரும் பின்னால் பெல்ட்டும் வைத்து ஒரே வண்டியாகச் செய்தால் என்ன? ரோட்டிலும் ஓடும், சேற்றிலும் ஓடும் அல்லவா?

ராணுவங்களுக்கும் இந்த ஆசை வந்தது. அப்படி வந்ததுதான் "ஹாப் டிராக்", அதாவது அரை பெல்ட் வண்டி. ஒரு காலத்தில் பல்லாயிரக்கணக்கில் ஓடிய அந்த வண்டி இன்று பொருட்காட்சிச் சாலைகளில் நிற்கிறது. காரணம் என்ன?

பனியில் பிறந்த வண்டி

ரஷ்யச் சக்கரவர்த்தி 2-ம் நிக்கோலஸின் கார்களைக் கவனித்து வந்தவர் கெக்ரெஸ் என்ற பிரெஞ்சு என்ஜினீயர். பனிக்காலத்தில் கார்கள் புதைந்தன. அவர் பின்சக்கரங்களுக்குப் பதிலாக பெல்ட் மாட்டினார். கார் ஓடியது!

1917-ல் ரஷ்யாவில் புரட்சி நடந்தது. கெக்ரெஸ் பிரான்சுக்குத் திரும்பி, சித்ரோன் கார் கம்பெனியில் சேர்ந்தார். அவரது முறையில் செய்த 5 வண்டிகள் 1922 டிசம்பரில் புறப்பட்டு, சகாரா பாலைவனத்தைக் கடந்தன. 1931-ல் இதே வகை வண்டிகள் இரண்டு காஷ்மீரத்தில் ஸ்ரீநகரிலிருந்து கில்கிட் வரை மலை ஏறின. பாதை கைவிட்ட இடத்தில் வண்டியைக் கழற்றிக் கூலிகள் சுமந்தார்கள்!

போரில் வந்த தேவை

இரண்டாம் உலகப் போரில் டாங்கிகள் வயலிலும் மேட்டிலும் பாய்ந்து சென்றன. துணைக்குக் காலாட்படை வீரர்களும் உடன் போக வேண்டும். லாரியால் அங்கே போக முடியாது. முழு பெல்ட் வண்டி செய்யச் செலவும் காலமும் பிடிக்கும்.

அரை பெல்ட் வண்டிக்கு லாரி போலவே ஸ்டீயரிங். லாரி டிரைவரே ஓட்டலாம். லாரிக் கம்பெனியே செய்யலாம். எனவே அமெரிக்கா மட்டும் 50 ஆயிரத்துக்கு மேல் செய்து குவித்தது. ஜெர்மனியும் ஏராளமாகச் செய்தது.

இரண்டும் கெட்டான்

போர் நடக்க நடக்கக் குறைகள் தெரிந்தன.

சேற்றில் பின்பக்க பெல்ட் தள்ளியது. முன் டயர்களோ புதைந்தன. டாங்கி தாண்டிய பள்ளத்தை இது தாண்டவில்லை.

திரும்புவதும் தொல்லை. மாட்டு வண்டியில் ஒரு மாட்டை இழுத்துப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும். டாங்கியும் ஒரு பக்க பெல்ட்டை அடக்கித்தான் திரும்புகிறது. அமெரிக்க அரை பெல்ட் வண்டியோ முன் டயரை மட்டுமே நம்பித் திரும்பியது. பெரிய வட்டம் அடிக்க வேண்டியிருந்தது.

ரோட்டிலாவது லாபம் உண்டா? லாரியைவிட பெட்ரோல் கூடுதல். டயருக்கும் உதிரிப்பாகம் வேண்டும், பெல்ட்டுக்கும் வேண்டும்.

கூரை இல்லாத பெட்டி

எல்லாவற்றிலும் கொடுமை, வண்டிக்குக் கூரை இல்லாதது! மேலே வெடித்த குண்டின் சிதறல்கள் உள்ளே இருந்தவர்கள் மீது மழையாகப் பொழிந்தன. பக்கத் தகட்டின் கனம் ஏறக்குறைய கால் அங்குலம்தான். இயந்திரத் துப்பாக்கியின் குண்டு அதைத் துளைத்தது. போரில் காயம்பட்டவர்களுக்கு அமெரிக்காவில் ஒரு பதக்கம் தருவார்கள். அந்தப் பதக்கத்தின் பெயரைச் சேர்த்து, "பதக்கப் பெட்டி" என்று வீரர்களே இந்த வண்டியைக் கேலி செய்தார்கள்.

போருக்குப் பிறகு இரண்டு மாற்றங்கள் வந்தன. எல்லாச் சக்கரங்களும் இழுக்கும் லாரிகள், அகன்ற டயர்களுடன் பெருகின. கரடுமுரடான வழியிலும் அவை சாமான்களைக் கொண்டு சென்றன. மறுபக்கம், வீரர்களை ஏற்றிச் செல்ல முழு பெல்ட் கவச வண்டிகள் வந்தன. 1960-ல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்த எம்-113 என்ற வண்டிக்குக் கூரை இருந்தது. தண்ணீரில் மிதக்கவும் செய்தது. அரை வண்டிக்கு வேலை குறைந்தது. இஸ்ரேல் 1973 போரிலும் அதை ஓட்டியது.

எண்ணூரும் ஆவடியும்

இந்தக் கதையின் முடிவை நம் பக்கத்திலேயே பார்க்கலாம். எண்ணூரில் வேர் விட்டு வளர்ந்த அசோக் லேலண்ட், ராணுவத்துக்கு 'ஸ்டாலியன்' லாரிகளைத் தருகிறது. அவை டயரில் ஓடுபவை. வேப்பம்பட்டிலிருந்து சென்னை போகும் ரயில் பாதையில் உள்ளது ஆவடி. அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் 'விஜயந்தா' டாங்கி வெளிவந்தது. அது முழுக்க பெல்ட்டில் ஓடுவது. காலாட்படை வீரர்கள் செல்லும் 'சரத்' வண்டி தெலுங்கானாவில் மேடக் தொழிற்சாலையில் உருவானது. அதுவும் முழு பெல்ட்தான், கூரையும் உண்டு.

சாமானைக் கொண்டு செல்ல டயர். களத்தில் இறங்க பெல்ட். நம் விவசாயி வயலைப் பார்த்து வண்டியைக் கூப்பிடுகிறார். ராணுவங்கள் அதே பாடத்தைக் கற்றன. ஆனால், அதற்கு அவை கொடுத்த விலை வீரர்களின் உயிர்!