பீட்டா தடுப்பு மருந்துகளும் அறுவை சிகிச்சையும்
மயக்கமுற்ற நோயாளியின் மூச்சுக்குழாயில் குழல் செலுத்தும்போது அட்ரினலின் பெருகி, நாடி விரைகிறது. இரத்த அழுத்தமும் உயர்கிறது. ஜேம்ஸ் பிளாக் குழுவினர் 1964-இல் அறிவித்த புரோப்ரனலால் முதலிய பீட்டா தடுப்பு மருந்துகள் இவ்வெழுச்சியைத் தணிப்பன. எனினும் இத்தணிவே இடராகவும் முடியலாம். குருதி மிகுதியாக இழக்கப்படுகையில் நாடி விரைந்து எச்சரிப்பது இயல்பு. இம்மருந்துண்டவரிடம் அவ்வெச்சரிக்கை மங்கிவிடுகிறது. மயக்க மருந்துகள் இரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் அழுத்தம் மேலும் சரியும்.

இருதயமல்லாத பிற அறுவை சிகிச்சைகளில் 8,351 பேரைக் கொண்டு நடந்து, 2008-இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்குச் சில மணி முன்னர் மெட்டோபுரோலால் புதிதாகத் தொடங்கப்பட்டோரிடம் மாரடைப்பு குறைந்தது. பக்கவாதமும் மரணமுமோ மிகுந்தன. நெடுநாள் உண்பவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தே. அடங்கியிருந்த துடிப்பு மிகையாக எழும். ஆதலின் மருத்துவமனைக்கு அனுப்பப்படுவோரின் சீட்டில் மருந்தின் பெயர், அளவு, இறுதியாக உண்ட நேரம் ஆகியவை குறிக்கப்படல் வேண்டும்.