கர்ப்பிணியும் கொல்லைத் தோட்டமும்

பெருங்களத்தூரை ஒட்டிக் கிடப்பதும், 2021இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டதுமான பீர்க்கன்கரணையில், அடுக்குமாடிகள் எத்தனை எழும்பினாலும், தனி வீட்டுக்காரர்கள் பின்புறத்தில் ஒரு முருங்கையையும் கறிவேப்பிலையையும், மொட்டை மாடியில் நாலைந்து பைகளில் கீரையையும் விடாமல் வளர்த்து வருகிறார்கள். அத்தகைய வீட்டில் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், ‘இனி மண்ணில் கை வைக்காதே அம்மா’ என்று பெரியவர்கள் சொல்வதும், சொன்ன கையோடு மாடிக்குத் தண்ணீர் சுமக்கும் வேலையை மட்டும் அவளிடமே விட்டுவைப்பதும் விசித்திரமான வழக்கம். மண்ணைக் காட்டிலும் குடமே அவளுக்குப் பெரிய சத்துரு என்பது என் அபிப்பிராயம்.

கீரைப் பாத்தியின் உபகாரம்

1928இல் பம்பாய்க்கு வந்த லூஸி வில்ஸ் என்ற ஆங்கில வைத்திய நிபுணி, அங்கே பஞ்சாலைகளில் உழைத்த ஏழைக் கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்து, ஈஸ்டுச் சாறான மார்மைட்டைக் கொடுத்தால் அது தீர்கிறதென்று 1931இல் வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த சத்து இன்னதென்பது பத்தாண்டுகள் கழித்து, 1941இல், அமெரிக்க விஞ்ஞானிகள் நாலு டன் ஸ்பினாச் கீரையை வடித்து வடித்துப் பிரித்தெடுத்தபோது துலங்கிற்று. அதுதான் இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையாகக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலம்.

அரைக்கீரையிலும் சிறுகீரையிலும் இச்சத்து உண்டு. ஆனால் நீரில் கரைந்து, வேகவேக அழிந்துபோவது. ஆகையால், பறித்த கீரையைப் பல தண்ணீரில் அலசிய பிறகு நறுக்கி, சிறிது நேரமே வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டிவிடாமல் சேர்த்துக் கடைவதே முறை. கீரை இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்துவது மட்டும் கூடாது. சிசுவின் தண்டுவடக் குழாய் சரிவர மூட இச்சத்து வேண்டும்; அக்குழாயோ கருத்தரித்த நாலு வாரத்துக்குள், அதாவது பல பெண்களுக்குச் செய்தி தெரியும் முன்பே, மூடிவிடுகிறது. எனவே பிள்ளைக்கு ஆசைப்படும் காலத்திலேயே வைத்தியரைக் கேட்டு மாத்திரையைத் தொடங்குவது உத்தமம்.

மண்ணில் இருப்பவை

பெரியவர்களின் பயம் அடியோடு பொய்யுமல்ல. பூனை கழித்துச் சென்ற மண்ணில் டாக்ஸோபிளாஸ்மா என்னும் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கர்ப்ப காலத்தில் முதன்முறையாக அது தொற்றினால், சிசுவின் கண்ணையும் மூளையையும் பாதிக்கக்கூடும். வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்பவளின் பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு ஏறும் கொக்கிப்புழுவோ குடலிலிருந்து ரத்தத்தை உறிஞ்சும். அதற்குரிய மாத்திரையை முதல் மூன்று மாதம் கழிந்த பின், வைத்தியர் சொன்னால்தான் விழுங்க வேண்டும். இரண்டுக்கும் தடுப்பு சுலபமானது: கையில் உறை, காலில் மூடிய செருப்பு, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவுதல். முள் கீறினால் அலட்சியம் வேண்டாம். தனுர்வாதத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று பார்த்துக்கொள்ளவும்.

மழைக்குப் பின் மண்டிக் கிடக்கும் காலிமனைப் புதர்ப் பக்கம் அவள் போகவே வேண்டியதில்லை. அங்குள்ள நுண்ணிய உண்ணிகளின் இளம்புழு கடித்தால் உண்ணிக் காய்ச்சல் வரும். கடித்த இடம் பலருக்குச் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்திருக்கும். காய்ச்சலோடு அப்படி ஒரு பொருக்கைக் கண்டால் வைத்தியரிடம் அதைக் காட்டத் தவறக்கூடாது.

தொட்டித் தட்டில் தேங்கும் ஜலம்

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். துளசித் தொட்டியின் அடியில் வைத்த தட்டில் இரண்டு விரற்கடை தெளிந்த நீர் போதும். தட்டைச் சாய்த்துப் பார்த்தால் புழுக்கள் நெளிந்தோடுவது தெரியும். ஆனால் முட்டைகளோ நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் காத்திருந்து, மறுபடி நனைந்ததும் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதாது. வாரம் ஒருமுறை தேங்காய் நாரால் ஓரத்தை அழுத்தித் தேய்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு டெங்கு வந்தால் உபத்திரவம் கடுமையாகும் என்பதால், இவ்வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்பது நியாயம்.

பாரமும் வெயிலும்

பதினைந்து லிட்டர் வாளியின் கனம் பதினைந்து கிலோ. மாதம் ஏற ஏற மூட்டுகளைப் பிணைக்கும் தசைநார்கள் தளர்ந்து, வயிறு முன்னே சரிந்து, தேகத்தின் சமநிலையே மாறியிருக்கையில், அதை மாடிப்படியில் தூக்கிச் செல்வது அவள் காரியமன்று. புருஷன் ஒரு ரப்பர் குழாய் வாங்கிப் பொருத்தினால் அந்த வழக்கு தீர்ந்தது. மருந்து தெளிப்பதும் அவ்வாறே பிறர் வேலை; தெளிக்கும்போது அவள் அருகில் நிற்கவும் வேண்டாம். களை பிடுங்க ஒரு முக்காலி, வெயில் ஏறுமுன் அரைமணி, பக்கத்தில் ஒரு செம்பு மோர், அவ்வளவே அவளுக்குரியது. கத்தரி வெயிலில் அதையும் குறைத்துக்கொள்ளலாம்.

உதிரப் போக்கு, நீர்க்கசிவு, விட்டுவிட்டு வயிறு இறுகுதல், தலைசுற்றலோடு கண் இருட்டல், சிசுவின் அசைவு குறைதல் இவற்றில் ஏதேனும் தோன்றினால், கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டுப் படுக்கை தேடாமல் ஆஸ்பத்திரி தேட வேண்டும்; வண்டி கிடைக்காவிட்டால் 108க்கு அழைக்கலாம்.